நிலா இல்லாத பாட்டுகள்

நாலு மணிக்கு சிஸ்டர் பெர்நதெத் போன் பண்ணுவார்கள். இப்போது ரெண்டே கால். நடுவில் கிடக்கிற இந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வரவழைத்தாக வேண்டும், போறேன் என்றாவது, போகமாட்டேன் என்றாவது, என்று நினைத்தபடி அமலோற்பவம் தன் புருஷனின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பார்த்தாள். ஈரம். வேர்வைதான், மாதாவே உனக்குப் புண்ணியம், வேறொன்றும் இல்லை. வேறொன்றாக இருந்தால் அவரைப் புரட்ட வேண்டும், புரட்டினால் இடுப்பில் அந்தப் பழைய இடம் பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டால் அவளும் கட்டில் விளிம்பிலேயே மடங்கி நிற்க வேண்டியதுதான், யாராவது வந்து நிமிர்த்துகிற வரைக்கும். யார் வரப்போகிறார்கள். எண்பத்திரண்டு கிலோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ஏழு மாசத்துக்கு முன்னால், பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே காலையில் போன அன்றைக்கு. இப்போது இளைத்திருப்பார், ஆனால் தூக்குகிற கைக்குக் கனம் ஏறித்தான் தெரிகிறது. ட்ரெவர் ரெபெய்ரோ முப்பத்தாறு வருஷம் இன்ஜின் ஓட்டினவர், ஆயிரம் டன் கூட்ஸை நூல் பிடித்த மாதிரி நிறுத்துவார் என்று பொன்மலையில் பேர் எடுத்தவர், இப்போது தன் தாடையில் வழிகிற எச்சிலை நிறுத்த முடியாமல் அவளைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ஆல்ரைட், என்றார். அது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சின வார்த்தை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், கடைசிப் பெட்டியில் நிற்கிற கார்டுக்குக் கொடியாட்டி ஆல்ரைட் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பசித்தாலும் ஆல்ரைட், வலித்தாலும் ஆல்ரைட், வேண்டாம் என்று தட்டைத் தள்ளும்போதும் ஆல்ரைட். முதல் மாசம் அதை நம்பி அவருக்குக் கொதிக்கிற கஞ்சியை ஊட்டி நாக்கைப் பொசுக்கியிருக்கிறாள். அவர் கண்ணில் தண்ணி கொட்டக் கொட்ட ஆல்ரைட் ஆல்ரைட் என்றது இன்னும் காதில் இருக்கிறது.

ஆல்ரைட் தவிர இன்னொன்றும் மிஞ்சியிருந்தது, அதுதான் பெரிய கூத்து. பேச வராத மனுஷனுக்குப் பாட வந்தது. அதுவும் மாதா பாட்டு இல்லை, திருச்சி ரேடியோவில் போட்ட தமிழ்ப் பாட்டு இல்லை, அமெரிக்காக்காரன் தொப்பி வைத்துக்கொண்டு கிட்டாரோடு பாடுகிற கன்ட்ரி பாட்டு. எண்பத்தாறில் அவர் தம்பி கிளைவ் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனதிலிருந்து வருஷத்துக்கு ரெண்டு கேசட் வரும், பிறகு சிடி வந்தது, பிறகு மகள் ஷெரில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள், புதுசு வரவர டிரம் சத்தம் கூடிப்போச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே இவர் அதையும் மனப்பாடம் பண்ணுவார். அமலோற்பவம் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷ் அவளுக்கு அர்த்தமாக வராது, ஓசையாக வரும். ஒரு தடவை கேட்டால் போதும், எங்கே மூச்சு விடுகிறான், எந்த இடத்தில் மூக்கால் இழுக்கிறான், எல்லாம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இவர் முதல் குரல் பாடுவார், அவள் அடியில் ரெண்டாவது குரல் போடுவாள். அரிசி களைந்துகொண்டே, மீன் கழுவிக்கொண்டே. அர்த்தம் என்ன என்று கேட்டால் ரயில்வே தமிழில் சொல்லுவார். ஒருத்தன் லாரிக்குப் பெட்ரோல் போடுறான், அமல். ஒருத்தி ஓட்டல்ல டேபிள் துடைக்கிறா. அவ்வளவுதானா? அவ்வளவுதான், மூணாவது சரணத்துல யாராவது செத்துருவாங்க, இல்லன்னா குழந்தை பிறக்கும். சிரிப்பாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஏதோ இருந்தது. நம்ம பாட்டில் நிலா வரும், மயில் வரும், எந்த வீட்டு வாசலில் நிலா வந்து நின்றிருக்கிறது. இவர்கள் பாட்டில் நிலா கிடையாது, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பாட்டில் மகள் ஊரை விட்டுப் போகிறாள், அப்பன்காரன் போகாதே என்று சொல்லவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, குனிந்து நாலு டயரையும் காலால் தட்டிப் பார்க்கிறான், கண்ணாடியைத் துடைக்கிறான், பாட்டு முடிந்துபோகிறது. ஷெரில் பெர்த்துக்குக் கிளம்பின அன்றைக்கு இவரும் அப்படித்தான் அவள் பெட்டியின் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு சக்கரம் சத்தம் போடுது என்று தேங்காயெண்ணெய் விட்டார். பாட்டைப் பார்த்து இவர் செய்தாரா, இவரைப் போல ஆளைப் பார்த்து அவன் பாட்டுக் கட்டினானா, யாரைக் கேட்பது. ஆளுக அழமாட்டாங்க, அதுக்குத்தான் கிட்டாரை இழுக்கவிட்டு அழ வைக்கிறான் என்பார் இவர். அந்த வழுக்குகிற கிட்டார் சத்தம், வளைவில் கூட்ஸ் வண்டிச் சக்கரம் தண்டவாளத்தில் உரசிக்கொண்டு திரும்புமே, அதே சத்தம்.

மணி பார்த்தாள். ரெண்டு நாற்பது. சக்கரத்தை நினைத்து உட்கார்ந்தால் ஆகுமா. சிஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். திண்டுக்கல் தாண்டி மலையடிவாரத்தில் அவர்கள் நடத்துகிற இல்லம், ஆண்களுக்கு மட்டும், சுத்தமான இடம், தூக்கிப் புரட்டத் தெரிந்த ஆட்கள் நாலு பேர் இருக்கிறார்கள், ஒரு கட்டில் காலியாகி இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் அது வேறு ஒருத்தருக்கு. ஆனால் அவர் வாயால சொல்லணும்மா, என்றார்கள். கையெழுத்து வேண்டாம், தலையாட்டலும் வேண்டாம், வரேன்னு அவர் வாயால ஒரு வார்த்தை என் காதுல விழணும். போன வருஷம் ஒரு பெரியவரைப் பிள்ளைகள் அப்பா தலையாட்டிட்டார் என்று கொண்டுவந்து விட்டுப் போனார்களாம், அவர் எட்டு மாசம் வாசலைப் பார்த்து உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தாராம். அதிலிருந்து இந்தச் சட்டம். நியாயமான சட்டம்தான். நியாயமான சட்டம் எல்லாம் வாய் உள்ளவனுக்கு. போன் வரும்போது ஸ்பீக்கரைப் போட்டு இவர் வாய்க்கு நேரே பிடித்தால் போதும், சிஸ்டர் என்ன கேட்டாலும் ஆல்ரைட் என்பார், முடிந்தது கதை. நேற்று ராத்திரியே அது அவள் மனசுக்குள் வந்து ஒரு பூனை மாதிரி உட்கார்ந்துவிட்டது. விரட்டினாள். மறுபடி வந்து உட்கார்ந்தது. கஞ்சி பொசுக்கின நாக்குகூட ஆல்ரைட்தான் சொல்லிற்று. அந்த வார்த்தையை எடுத்து சிஸ்டர் கையில் கொடுப்பதா. கூடாது. அப்படியானால் என்ன செய்வாய், சொல்லு. ஷெரிலைக் கேட்டால், மம்மி, டிசம்பர்லதான் எனக்கு லீவு, அதுவரைக்கும் உன் இடுப்பு இருக்காது, டாடியைக் கேளு, டாடிக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே என்கிறாள். டாடியைக் கேளு. அங்கேயிருந்து சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அந்தப் பெண் மதுவந்தி, நல்ல பிள்ளை, அவள்தான் வழி காட்டினது. பாட்டு இருக்கிற இடம் மூளையில வேற பக்கம் ஆன்ட்டி, அது கெடல, என்றாள். நீங்க ஆரம்பிங்க, வரி முடியிற இடத்துல நிறுத்துங்க, கடைசிச் சொல்லை அங்கிள் போடட்டும். இவள் ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அந்தரத்தில் நிற்கிற அந்த இடத்தில், அடைத்துக் கிடந்த குழாயில் திடீரென்று தண்ணி வந்த மாதிரி, தெளிவாக, சுத்தமாக, கொஞ்சமும் குழறாமல் அவர் குரல் வந்தது. அன்றைக்கு அவள் மதுவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளை சொன்னாள், இப்படியே ஒரு நாள் பாட்டிலிருந்து பேச்சுக்கு இறக்கிடலாம், தண்ணி குடுன்னு பாட்டு மெட்டுல கேட்பார் பாருங்க. மாசக்கணக்கில் ஆச்சு. பாட்டிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. நூறு பாட்டு இருக்கிறது உள்ளே, ஆயிரம் வரி, விவாகரத்து வாங்கினவன், லாரியில் போகிறவன், அம்மா செத்த பிறகு வீட்டுக்கு வருகிறவன், எல்லாரும் உள்ளே சௌக்கியமாக இருக்கிறார்கள், இவர் ஒருத்தரைத்தான் காணவில்லை.

மூன்று அடிக்கப் பத்து. வாயைத் துடைத்துவிட்டாள். தலையணையை ஏற்றி வைத்தாள். இடுப்பு சுருக்கென்றது, அந்தச் சுருக்கோடு போன செவ்வாய்க்கிழமையும் வந்துவிட்டது. வரவேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் வருகிற செவ்வாய்க்கிழமை. பகல் பதினொரு மணி. குளிப்பாட்டி எழுப்பும்போது அவருடைய இடது கால் சோப்பில் வழுக்கி, அவர் அவள் மேல் சாய்ந்து, ரெண்டு பேரும் குளியலறைத் தரையில். அவர் அவள் மேல் பாதி, சுவரின் மேல் பாதி. அவளுக்கு மூச்சு முட்டிற்று, கத்த வாய் திறந்தால் காற்றுதான் வருகிறது. அவர் காதுக்குள் சொன்னாள், கத்துங்க, பாக்கியத்தைக் கூப்பிடுங்க, பக்கத்து வீடுதான், கேட்கும். அவர் வாயைத் திறந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உசிரைக் கூட்டிக் கத்தினார். வந்தது பாட்டு. ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸில் சனிக்கிழமை சனிக்கிழமை போடுவார்களே, பீர் குடித்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிப் பாடுகிற பாட்டு, அது. முழுசாகப் பாடினார். முடித்துவிட்டு அடுத்ததைப் பாடினார். கண்ணில் அவ்வளவு பயம், வாயில் அவ்வளவு கும்மாளம். அவள் அவருடைய ஈர மார்புக்கு அடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தாள், எட்டு பாட்டு, ஒன்பது பாட்டு, குரல் கட்டிக் கம்மும் வரைக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து, வாளியைப் பிடித்து நகர்ந்து நகர்ந்து அவளே வெளியே வந்து பாக்கியத்தைக் கூப்பிட்டாள். அந்தப் பாக்கியம் ஓடிவந்து தூக்கிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாளே, ஐயோ அக்கா, அண்ணன் பாடுறது கேட்டுச்சு, இன்னிக்கு என்ன இவ்ளோ குஷியா இருக்காருன்னு டிவியைக்கூட அமத்தி வச்சுக் கேட்டேனே. அவள்மேல் என்ன தப்பு. டிவியை அமத்திக் கேட்டாள். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. உதவி கேட்டுக் கத்தினவன் குரலை ஒருத்தி ரசித்துக் கேட்டிருக்கிறாள். அடுத்த தரம் அவள் அடியில் கிடந்து செத்துப்போனாலும் இவர் மேலே கிடந்து பாடிக்கொண்டுதான் இருப்பார், தெருவே கேட்டுத் தலையாட்டிக்கொண்டு போகும்.

அதனால்தான் இல்லம். அதனால் மட்டும்தானா. அமலோற்பவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை நினைக்க முடியாது. நிமிர்ந்து படுக்க ஆசையாக இருந்தது. யாருக்கும் காது கொடுக்காமல் ஒரு முழுப் பகல் உட்கார ஆசையாக இருந்தது. அது பாவமா. கோவிலில் சாமியாரிடம் சொன்னால் பாவமில்லை என்பார், சாமியாருக்கு என்ன தெரியும், அவர் யாரைப் புரட்டிப் போட்டார். சட்டைக்காரனைக் கட்டிக்கிட்டுப் போறாளே என்று அவள் அம்மா சந்தியில் நின்று பேசினாள், ஆங்கிலோ இந்தியன் ஒருத்தியோட இருக்கமாட்டான், கப்பலேறிப் போயிருவான்டீ என்றாள். இவர் தம்பி போனான், தங்கச்சி போனாள், பெர்த், மெல்போர்ன், லண்டன் என்று தெருவில் பாதி போயிற்று. இவர் போகவில்லை. ஏன் போகலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். வாய் இருந்த காலத்தில் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்காமல், இன்றைக்கு மூன்று மணிக்கு மேல் கேட்க உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு யோசனை வைத்திருந்தாள். யோசனையா, சூதாட்டமா. ரெண்டு பாட்டு. ஒன்று பெட்டிப் பாட்டு. விடிகிறதுக்கு முன்னால் ஒருத்தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான், நாய் முழிக்கக் கூடாது என்று ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போகிறான், எனக்காக விளக்கு வைக்காதே என்று பெண்டாட்டிக்குச் சீட்டு எழுதி வைக்கிறான். மெட்டு அவ்வளவு இதமாக இருக்கும், அர்த்தம் தெரியாமல் அவள் அதைப் பாடித்தான் ஷெரிலை ரெண்டு வருஷம் தூங்க வைத்தாள். கேட்டுக்கொண்டே இருந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் மூணாவது போனபோது அதுவே வந்து கேட்டது, மம்மி, ஏன் எனக்கு ஓடிப்போறவன் பாட்டைப் பாடுன? அன்றைக்கு ட்ரெவர் சிரித்த சிரிப்பு. நல்லாத் தூங்குச்சுல்ல, விடு அமல். இன்னொன்று மழைப் பாட்டு. காய்ந்து வெடித்த ஊர், எல்லாரும் நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், கிழவனும் கிழவியும் மட்டும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். போயிரலாமா என்று அவள் கேட்கிறாள். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்கிறான். மழை வந்ததா என்று பாட்டில் சொல்லவே மாட்டான். ரெண்டையும் ஆரம்பித்து நிறுத்துவது. எதில் அவர் சொல் போடுகிறாரோ அதுதான் பதில். போகிற பாட்டா, இருக்கிற பாட்டா.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இங்க பாருங்க ட்ரெவர், விளையாட்டு இல்ல, நல்லாக் கேளுங்க என்றாள். ஆல்ரைட், என்றார். பெட்டிப் பாட்டை எடுத்தாள். ஷூ வருகிற இடத்தில் நிறுத்தினாள். ஷூஸ், என்று பாடினார், பிசிறில்லாமல். அடுத்த வரியிலும் போட்டார். விளக்கு வருகிற இடத்திலும் போட்டார். ஆச்சு, போறேன்னு சொல்லிட்டார், என்று நினைத்தாள். சொன்னது யார். எதற்கு முதலில் பெட்டிப் பாட்டை எடுத்தாய்? மழைப் பாட்டை எடுத்திருக்கலாம் இல்லையா? யோசிக்கவே இல்லை, வாய் நேரே அங்கே போயிற்று. தராசில் கட்டைவிரலை வைத்துவிட்டு நிறுக்கிறவள் மாதிரி. வேகவேகமாக மழைப் பாட்டை எடுத்தாள், மழை வருகிற இடத்தில் நிறுத்தினாள். ரெயின், என்றார். கண்ணிலிருந்து தண்ணி வழிந்து காதுக்குள் போயிற்று. பெட்டிப் பாட்டுக்கு அழவில்லை, இதற்கு அழுகிறார், அப்படியென்றால் இருக்கிறேன் என்கிறார். அவசரப்படாதே, நேற்று பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துக் கொடுத்ததற்கும் அழுதார். அழுகைக்கும் இப்போது அர்த்தம் கிடையாது. பெட்டிப் பாட்டை மறுபடி பாடினாள். இந்தத் தடவை அதற்கும் அழுதார். மழைப் பாட்டுக்குச் சிரித்தார். மூன்றாம் தடவை ரெண்டுக்கும் சந்தோஷமாகச் சொல் போட்டுவிட்டு, இன்னொன்று பாடு என்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பாட்டுக்காரர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள், போகிறவனுக்கும் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள், இருக்கிறவனுக்கும் கட்டியிருக்கிறார்கள், ரெண்டையும் ஒரே ஆள் முழு மனசோடு பாடலாம். அதனால்தானே முப்பது நாற்பது வருஷமாகப் பழசாகாமல் கிடக்கிறது. எவன் வந்தாலும் உள்ளே இடம் கொடுக்கும். பதில் மட்டும் கொடுக்காது. என்னங்க, என்றாள், பாட்டை விட்டுவிட்டு, வெறும் பேச்சாக. என்னால தூக்க முடியலைங்க. கோவமில்ல. முடியல. அங்க போறீங்களா? அவர் உதடு அசைந்தது. இடது கை அவள் மடியில் விரல் விரலாக எதையோ தேடிற்று. ஏதோ ஒன்று அடியிலிருந்து ஏறி ஏறித் தொண்டை வரைக்கும் வந்து நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள். ஆல்ரைட், என்றார்.

நாலு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே போன் வந்தது. என்ன அம்மா, கேட்டீங்களா, என்றார்கள் சிஸ்டர் பெர்நதெத். கேட்டேன் சிஸ்டர் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வரேன்னு சொல்லிட்டார் சிஸ்டர், என்று அவள் வாய் சொன்னது. அந்தப் பக்கம் ஒரு சந்தோஷம், தேவனுக்கு ஸ்தோத்திரம், அப்ப பேச்சு திரும்புதா, போனை அவர்கிட்டக் குடுங்க, என் காதால கேட்டுடறேன். ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பூனை எழுந்து நின்றது. அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். மிஸ்டர் ரெபெய்ரோ, நான் சிஸ்டர் பேசறேன், எங்க இல்லத்துக்கு வர உங்களுக்குச் சம்மதமா? சொல்லுங்க, ஆல்ரைட் சொல்லுங்க, கொதிக்கிற கஞ்சிக்குச் சொன்னீங்களே, என்று அவளுக்குள் எல்லாம் கெஞ்சிற்று. அவர் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஏழு மாசமாக எதைக் கேட்டாலும் வழிந்துகொண்டிருந்த அந்த வார்த்தை வரவில்லை. உதட்டை மூடிக்கொண்டார். உதடு தானாக மூடிக்கொண்டதா, வேண்டுமென்றே மூடினாரா, அதைத்தான் அவளால் சொல்ல முடியாது. ஹலோ, ஹலோ, கேக்குதா மிஸ்டர் ரெபெய்ரோ, என்றார்கள் சிஸ்டர். அப்புறம் அறைக்குள் அவர் குரல் கேட்டது, அதே தடித்த குரல், அதே மூக்கு, கடைசியை லேசாக இழுக்கிற அதே இழுப்பு. ஆல்ரைட், சிஸ்டர். ஐ கம். அது தன் வாயிலிருந்து வந்தது என்று அமலோற்பவத்துக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

அடடா எவ்ளோ தெளிவா வருது குரல், என்றார்கள் சிஸ்டர். சிரித்தார்கள். நீங்க சொன்னீங்களேம்மா, நல்லாப் பாடுவார்னு, ஒரு வரி பாடச் சொல்லுங்க, இங்க நாலு பேரு கேட்டுக்கிட்டு இருக்கோம். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம்கூட வரவில்லை. வாயைத் திறந்தாள். பெட்டிப் பாட்டைத்தான் எடுக்க நினைத்தாள், கட்டிலில் கிடக்கிறவரின் குரலில் வந்தது மழைப் பாட்டு. கிழவி கேட்கிறாள், கிழவன் இன்னும் ஒரு நாள் என்கிறான். சொல் போடுகிற இடம் வந்தது, பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். அவர் சொல் போடவில்லை. அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தன்னுடைய சாமான் ஒன்றை அடுத்த வீட்டு ஜன்னலில் கண்டுவிட்டவர் மாதிரி. அவளே அந்தச் சொல்லையும் போட்டு, சரணத்தைப் பாடி முடித்தாள். இங்கிலீஷ் பாட்டு எங்களுக்கு என்னம்மா புரியுது, ஆனா கேக்க சுகமா இருக்கு, என்றார்கள் சிஸ்டர். காலையில ஒன்பது மணிக்கு வண்டி வரும். பொத்தான் வச்ச சட்டையாப் போட்டு விடுங்க, கழட்ட வசதி. போன் நின்றது. அவள் மடியில் கிடந்த அவருடைய இடது கை, பாட்டு நின்ற பிறகும், ரெண்டு விரலால் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.